டான்யூப் கரையில் ஒரு பன்மொழி நகரம்

தமிழ்நாட்டுக்கு வெளியே குடியேறி வாழும் நம்மைக் காண ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "குழந்தைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்களா?" என்பதே அது. "பேசுகிறார்கள்" என்று உடனே விடை கூறிவிடுகிறோம். எவ்வளவு பேசுகிறார்கள், நாம் தமிழில் கேட்டால் அவர்கள் எந்த மொழியில் மறுமொழி தருகிறார்கள் என்பனவற்றை நாம் விரித்துரைப்பதில்லை, கேட்டவரும் வற்புறுத்துவதில்லை. காப்பி வந்துவிடுகிறது, பேச்சும் வேறு திசையில் திரும்பிவிடுகிறது.

அந்தக் கேள்வியை நினைவில் இருத்திக்கொண்டு, நேயர்களை இன்று ஒரு தொலைதூர நகரத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அந்நகரின் பெயர் ரூஸே. ஐரோப்பாவின் தென்கிழக்கில், பால்கன் நாடுகள் எனப்படும் பகுதியில், பல்கேரியாவின் வடக்கு எல்லையில் டான்யூப் ஆற்றின் தென்கரையில் அது அமைந்திருக்கிறது. எதிர்க்கரையில் தெரிவது ருமேனியா நாட்டின் ஜுர்ஜு என்னும் ஊர். ஜெர்மனியின் மலைக்காடுகளில் தோன்றிப் பத்து நாடுகளைத் தொட்டுக்கொண்டு, சுமார் 2,850 கிலோமீட்டர் ஓடிக் கருங்கடலில் கலக்கும் டான்யூப், ஏறத்தாழ 470 கிலோமீட்டர் தூரத்துக்குப் பல்கேரியாவுக்கும் ருமேனியாவுக்கும் எல்லையாக விளங்குகிறது. அந்த எல்லையில் உள்ள பல்கேரியத் துறைமுகங்களுள் பெரியது ரூஸே. சொந்த நாட்டின் தலைநகரமான சோபியாவைவிட, அயல்நாட்டுத் தலைநகரமான புக்காரெஸ்ட் அதற்கு மிக அருகில் இருக்கிறது. எல்லையூர்களின் வாழ்வு எப்போதும் இப்படித்தான். ஆட்சி ஒரு திசையிலும் அன்றாட வாழ்வு வேறொரு திசையிலுமாக அவற்றை இழுத்த வண்ணம் இருக்கும்.

இந்த ஊர் எல்லையாக இருப்பது இன்று நேற்றல்ல. ரோமப் பேரரசின் காலத்தில் டான்யூப் ஆறே அப்பேரரசின் வடக்கு வேலி. கி.பி. முதல் நூற்றாண்டில், வெஸ்பாசியன் பேரரசன் காலத்தையொட்டி, ரோமர் இங்கே ஒரு கோட்டையும் படகுத்துறையும் அமைத்தனர். 'அறுபது கப்பல்களின் துறை' என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டனர். ஆற்றைக் காவல் புரிந்த படைக்கலங்கள் அங்கே நின்றன என்பதை அப்பெயரே உணர்த்துகிறது. ஆறாம் நூற்றாண்டளவில் வடக்கிலிருந்து வந்த படையெடுப்புகளால் அக்கோட்டை அழிந்தது. அதன் பின்னர் இடைக்காலப் பல்கேரிய அரசின் காலத்தில், வட்டாரத்தின் வாழ்வு ஆற்றங்கரையை விட்டு உட்பகுதியிலிருந்த செர்வென் கோட்டைக்கு மாறியது. அருகிலுள்ள இவானவோ என்னும் சிற்றூரில், பாறைகளைக் குடைந்து துறவிகள் அமைத்த கோயில்களில் அக்காலத்துச் சுவரோவியங்கள் இன்றும் காணப்படுகின்றன. 1979-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் பல்கேரியா துருக்கிய ஆட்டோமன் பேரரசின் வசமாயிற்று. ஆற்றங்கரை ஊர் மீண்டும் உயிர்பெற்றது. துருக்கியர் அதனை ருஸ்சுக் என்று அழைத்தனர். எதிர்க்கரையிலிருந்த ஜுர்ஜுவும் நெடுங்காலம் துருக்கியரின் கோட்டையாகவே இருந்தது. 1829-ஆம் ஆண்டு ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் ஏற்பட்ட அட்ரியானோபிள் உடன்படிக்கையின்படி ஜுர்ஜு, ருமேனிய மக்கள் வாழ்ந்த வாலாக்கியா நாட்டுக்குத் திரும்பியது. அதன் பின் இரு கரைகளும் இரு வேறு உலகங்களாகத் தொடங்கின.

எல்லைக் கோட்டை என்ற முறையில் ருஸ்சுக்குக்குப் பேரரசின் அரசியலிலேயே செல்வாக்கு இருந்தது. 1808-ஆம் ஆண்டில், இவ்வூரின் தலைவனாக விளங்கிய அலெம்தார் முஸ்தபா பாஷா, தன் படையுடன் தலைநகரமான கான்ஸ்டான்டிநோபிளுக்குச் சென்று, இரண்டாம் மஹ்மூதைச் சுல்தானாக அரியணையில் அமர்த்தித் தானே முதலமைச்சனும் ஆனான். அதே ஆண்டிலேயே எழுந்த கலகமொன்றில் அவன் உயிர் நீத்தான். ஓர் எல்லையூரின் தலைவன் தலைநகரின் விதியை நிர்ணயித்த கதை அது.

இந்தத் துருக்கிய நகரத்தில்தான் நம் பேச்சுக்கு முக்கியமான ஒரு மக்கள் கூட்டத்தினர் வந்து குடியேறினர். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதை அறிய, ஐரோப்பாவின் மறு கோடியிலுள்ள ஸ்பெயினுக்குச் செல்ல வேண்டும். 1492-ஆம் ஆண்டில், கொலம்பஸ் கடல் கடந்த அதே ஆண்டில், ஸ்பெயினின் அரசரும் அரசியும் ஓர் ஆணை பிறப்பித்தனர். அந்நாட்டு யூதர்கள் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவ வேண்டும், இன்றேல் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்பது அவ்வாணை. பல தலைமுறைகளாக அம்மண்ணில் வாழ்ந்தவர்கள் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினர். ஆட்டோமன் சுல்தான் இரண்டாம் பயேஸித் அவர்களைத் தன் நாட்டில் வரவேற்றான். சலோனிகா, கான்ஸ்டான்டிநோபிள், அட்ரியானோபிள் முதலிய நகரங்களில் அவர்கள் குடியேறினர். அங்கிருந்து நாளடைவில் வணிகத்தை நாடி டான்யூப் கரைக்கும் வந்தனர்.

அவர்கள் கொண்டுவந்த பொருள்களுள் விலை மதிக்க இயலாதது அவர்களுடைய ஸ்பானிய மொழி. லடினோ என்று அதனை இன்று அழைக்கின்றனர். தங்களைத் துரத்திய நாட்டின் மொழியை அவர்கள் வெறுக்கவில்லை. வீட்டு மொழியாகப் போற்றினர். ஹீப்ரு எழுத்துக்களில் அதனை எழுதினர். துருக்கிய மொழியிலிருந்து சில சொற்கள் வந்து சேர்ந்தன. ஆயினும், ஸ்பெயினிலேயே மாறிவிட்ட பழைய ஒலிகள் சிலவற்றை டான்யூப் கரைத் தாய்மார்கள் நானூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் ஒலித்து வந்தனர். இதற்கென ஓர் அரசு இல்லை, சட்டம் இல்லை, பல்கலைக்கழகம் இல்லை. தாலாட்டிலும், கதைப்பாட்டிலும், பழமொழியிலும், அடுக்களையிலும், கடைக் கணக்கிலும், திருநாளிலும் அம்மொழி வாழ்ந்தது. பெண்களின் நாவே அதற்குப் பள்ளிக்கூடமாக இருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

மீண்டும் நகரத்தின் கதைக்கு வருவோம். 1864-ஆம் ஆண்டில் ஆட்டோமன் அரசு தன் ஆட்சி முறையைச் சீர்திருத்த முற்பட்டு, 'டான்யூப் மாகாணம்' என்னும் புதிய மாகாணத்தை முன்மாதிரியாக அமைத்தது. அதன் தலைநகராக ருஸ்சுக் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆளுநராக வந்தவர் மித்ஹத் பாஷா. பிற்காலத்தில், 1876-இல், ஆட்டோமன் பேரரசின் முதல் அரசியல் சட்டத்தை உருவாக்கியதில் முன்னின்றவர் இவரே. அவர் ருஸ்சுக்கில் சாலைகள் அமைத்தார். அநாதைச் சிறுவர்களுக்குத் தொழிற்பள்ளி நிறுவினார். உழவர்க்குக் கடன் வழங்கும் நிதிகளை ஏற்படுத்தினார். 1865-இல் 'டான்யூப்' என்ற பெயரிலேயே மாகாண அரசின் செய்தித்தாள் வெளிவரத் தொடங்கியது. அது துருக்கியிலும் பல்கேரிய மொழியிலுமாக, இரு மொழிகளில் அச்சிடப்பட்டது. மத்திய அரசின் அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அந்தச் செய்தித்தாளை நினைக்கும்போதெல்லாம் அதில் பணியாற்றிய, பெயர் தெரியாத மொழிபெயர்ப்பாளர்களே கண்முன் தோன்றுவர். ஆள்வோரின் சொல்லை ஆளப்படுவோரின் மொழியில் எழுதும் வேலை எளிதன்று. மொழிபெயர்த்தால் மட்டும் மனம் மாறிவிடுவதும் இல்லை.

ஏனெனில் அதே ஆண்டுகளில் பல்கேரியரின் விடுதலை வேட்கை கொழுந்துவிட்டெரியத் தொடங்கியிருந்தது. சீர்திருத்தங்கள் செய்த மித்ஹத் பாஷாவே அவ்வியக்கத்தைக் கடுமையாக ஒடுக்கவும் செய்தார். இங்கேதான் ஆற்றின் எல்லைத் தன்மை வேறொரு பயனைத் தந்தது. துருக்கிய ஆட்சியிலிருந்து தப்பிய பல்கேரியப் புரட்சியாளர்கள் எதிர்க்கரையில் அடைக்கலம் புகுந்தனர். புக்காரெஸ்டிலும் ஜுர்ஜுவிலும் கூடித் திட்டம் தீட்டினர். 1876-ஆம் ஆண்டின் ஏப்ரல் எழுச்சிக்கு ஜுர்ஜுவில்தான் வித்திடப்பட்டது. ருஸ்சுக்கில் 'தோன்கா பாட்டி' என்று மக்கள் அன்புடன் அழைத்த தோன்கா ஒப்ரெத்தெனோவா, தம் வீட்டையே புரட்சியாளர்களின் புகலிடமாக ஆக்கித் தம் புதல்வர்களையும் அப்போராட்டத்துக்கு அளித்தார். 1872-இல் ஆங்கெல் கான்செவ் என்னும் இளைஞர், ஆற்றைக் கடக்க முயன்றபோது படகுத்துறையிலேயே காவலரிடம் சிக்கும் நிலை வரவே, தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். அக்கரைக்கும் இக்கரைக்கும் இடையே இருந்தது ஓர் ஆறு மட்டும் அன்று என்பதை அந்த மரணம் காட்டுகிறது.

இதற்கிடையே இருப்புப்பாதை வந்தது. 1866-இல், இன்றைய பல்கேரியாவின் முதல் ரயில் பாதை ருஸ்சுக்குக்கும் கருங்கடல் துறைமுகமான வர்னாவுக்கும் இடையே திறக்கப்பட்டது. 1869-இல் எதிர்க்கரையில் புக்காரெஸ்டிலிருந்து ஜுர்ஜு வரை ஒரு பாதை போடப்பட்டது. இரு பாதைகளும் ஆற்றங்கரையில் வந்து நின்றன. நடுவில் பாலம் இல்லை. 1883-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரிலிருந்து கான்ஸ்டான்டிநோபிளுக்குப் புறப்பட்ட புகழ்பெற்ற 'ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' ரயிலின் முதற் பயணிகள், ஜுர்ஜுவில் இறங்கிப் படகேறி ஆற்றைக் கடந்து, ருஸ்சுக்கில் வேறு ரயிலில் ஏறி வர்னா சென்று, அங்கிருந்து கப்பலில்தான் தம் பயணத்தை முடித்தனர். ஐரோப்பாவின் ஆடம்பர ரயிலும் இந்த ஆற்றின் முன் நின்று, தன் பிரயாணிகளைப் படகிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது!

ருஷ்ய-துருக்கியப் போரின் முடிவில், 1878 பிப்ரவரியில், நகரம் துருக்கியர் கையிலிருந்து விடுபட்டது. ருஸ்சுக் ரூஸே ஆயிற்று. புதிதாகப் பிறந்த பல்கேரியச் சிற்றரசில் மக்கள் தொகையில் அதுவே முதல் நகரமாக இருந்தது. தலைநகரான சோபியாகூட அதற்குப் பின்னால்தான். டான்யூப் வழியே வியன்னாவிலிருந்து கப்பல்கள் வந்தன. அவற்றில் துணிகளும் கண்ணாடிப் பொருள்களும் மட்டுமன்றிக் கட்டடக் கலையும் வந்து இறங்கியது. வியன்னா நகரின் பாணியில் மாளிகைகள் எழுந்தன. 'சின்ன வியன்னா' என்று ரூஸேக்குப் பெயரும் வந்தது. பல்கேரியாவின் முதல் தனியார் வங்கி 1881-இல் இங்கே தொடங்கப்பட்டது. அந்நாட்டின் முதல் திரைப்படக் காட்சியும் 1897-இல் இந்நகரிலேயே நடைபெற்றது. நகரின் நடுவே, இத்தாலியச் சிற்பி அர்னால்டோ சோக்கி வடித்த விடுதலைச் சின்னம் இன்றும் நிமிர்ந்து நிற்கிறது.

இவ்வாறு செழித்திருந்த ரூஸேயில், 1905-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள், மேலே கூறிய ஸ்பானிய யூத மரபினரின் வணிகக் குடும்பமொன்றில் ஒரு குழந்தை பிறந்தது. அக்குழந்தையே, 1981-இல் இலக்கியத்துக்கான நோபெல் பரிசைப் பெற்ற எலியாஸ் கனெட்டி. அவருடைய பாட்டனார் அட்ரியானோபிளிலிருந்து வந்து ரூஸேயில் மளிகை மொத்த வியாபாரம் செய்தவர். கனெட்டி 1977-இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலின் முதற் பகுதியில், தம் இளமைக்கால ரூஸேயைச் சித்திரித்திருக்கிறார். பல்கேரியர், துருக்கியர், யூதர், கிரேக்கர், அல்பேனியர், ஆர்மீனியர், ஜிப்ஸிகள், ருமேனியர், ரஷ்யர் எனப் பல இனத்தவரும் அங்கே வாழ்ந்தனர். ஒரே நாளில் ஏழெட்டு மொழிகளைக் காதால் கேட்கலாம் என்கிறார் அவர். தமக்குப் பதினேழு மொழிகள் தெரியும் என்று பாட்டனார் பெருமையாகக் கூறுவார் என்றும் எழுதுகிறார். சந்தையில் நாலு வார்த்தை பேசுவதையும் ஒரு மொழியாகக் கணக்கிட்டால், வெளிமாநிலங்களில் வாழும் நம்முள்ளும் இத்தகைய பாட்டனார்கள் சிலர் கிடைப்பார்கள் அல்லவா?

கனெட்டியின் வீட்டில் மூன்று மொழிகள் வழங்கின. குடும்பத்தாரும் உறவினரும் பேசியது ஸ்பானியம். வீட்டு வேலைக்கு வந்த கிராமத்துப் பெண்கள் பேசியது பல்கேரிய மொழி. அவரைப் பெற்றோர் இருவரும் இளமையில் வியன்னாவில் கல்வி பயின்றவர்கள். அந்நகரின் நாடக அரங்கில் மனம் பறிகொடுத்தவர்கள். ஆகவே, அவர்கள் தங்களுக்குள் மட்டும் ஜெர்மன் மொழி பேசினர். குழந்தைகளுக்குப் புரியக்கூடாத செய்திகள் யாவும் அம்மொழியில்தான் நிகழும். சிறுவனுக்கு அது ஒரு மந்திர மொழியாகத் தோன்றியது. நம் வீடுகளிலும் குழந்தைகளுக்குத் தெரியாமல் பேசுவதற்கென்று பெரியவர்கள் ஆங்கிலத்துக்கோ வேறு மொழிக்கோ தாவுவதுண்டு. குழந்தை எந்த மொழியை மிகுந்த ஆவலுடன் கவனிக்கிறது என்பதை அப்போது நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

1911-இல் அக்குடும்பம் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்தது. அடுத்த ஆண்டே தந்தை திடீரென்று காலமானார். கணவனை இழந்த தாய், 1913-இல் குழந்தைகளுடன் வியன்னாவுக்குப் புறப்பட்டார். வழியில் சுவிட்சர்லாந்தில் தங்கியிருந்தபோது, எட்டு வயது மகனுக்கு ஜெர்மன் மொழியை மிகக் கடுமையாக, கேலியும் கண்டிப்புமாகக் கற்பித்தார். தம் கணவரோடு பேசி மகிழ்ந்த மொழியைப் பேச அவருக்கு வேறு துணை இல்லை. அந்த மொழியே கனெட்டியின் எழுத்து மொழி ஆயிற்று. வாழ்நாள் முழுதும், இட்லரின் ஆட்சிக்கு அஞ்சி 1938-இல் வியன்னாவை விட்டு வெளியேறி இங்கிலாந்தில் வாழ்ந்த காலத்திலும், அவர் ஜெர்மன் மொழியிலேயே எழுதினார்.

ஆனால், மொழிபெயர்ப்பாளனாகிய என்னை அவர் வாழ்க்கையில் மிகவும் கவர்ந்த செய்தி வேறொன்று. வேலைக்கு வந்த பல்கேரியப் பெண்கள் மாலை வேளைகளில் இருட்டில் ஒண்டிக்கொண்டு ஓநாய் மனிதர்களைப் பற்றியும் இரத்தம் குடிக்கும் பேய்களைப் பற்றியும் அச்சமூட்டும் கதைகளைச் சொன்னார்கள். பின்னாளில் கனெட்டி பல்கேரிய மொழியை முற்றிலும் மறந்துவிட்டார். கதைகளோ மறக்கவில்லை. அவை அவர் உள்ளத்தில் ஜெர்மன் மொழியில் தங்கியிருந்தன! எந்த நாளில், எவ்வாறு அவை மாறின என்று அவருக்கே தெரியவில்லை. மொழி போன பின்னும் அது சுமந்து வந்த பொருள் தங்கக்கூடும் என்பதற்கு இது சான்று. எனினும் ஒன்றை மறத்தலாகாது. கதைகள் தங்கின, ஆனால், தமக்குக் கதை சொன்ன அந்தப் பெண்களோடு அவர்கள் மொழியில் பேச அவரால் பின்னர் இயலவில்லை. இழப்பு என்பது இதுதான்.

இதே ரூஸேயில், கனெட்டிக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1895-இல், ஆர்மீனிய வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் திக்ரான் குயூம்ஜியான். சிறு வயதிலேயே இங்கிலாந்து சென்ற அவர், மைக்கேல் ஆர்லன் என்ற புனைபெயரில் ஆங்கில நாவலாசிரியராகி, 1924-இல் வெளியிட்ட 'பச்சைத் தொப்பி' என்னும் நாவலால் பெரும்புகழ் பெற்றார். ரூஸேயில் பிறந்து உலகப் புகழ் எய்திய எழுத்தாளர் இருவருள் ஒருவர் ஜெர்மனிலும் மற்றவர் ஆங்கிலத்திலும் எழுதினார்கள். இருவருமே தம் வீட்டு மொழியில் எழுதவில்லை. பன்மொழி நகரம் தன் மக்களுக்கு அளிக்கும் வரமும் அதுவே. அதற்காக அது கேட்கும் விலையும் அதுவே எனலாம்.

கனெட்டியின் சித்திரத்தைக் கொண்டு, ரூஸேயைக் குறையற்ற ஒற்றுமைப் பூங்காவாகக் கற்பனை செய்வதும் பிழையாகும். ஒவ்வோர் இனத்தாருக்கும் தனித்தனிக் குடியிருப்பு இருந்தது. ஸ்பானிய யூதர்கள், ஜெர்மானிய வழிவந்த பிற யூதர்களைத் தமக்குத் தாழ்ந்தவர்களாகக் கருதினர். அவர்களோடு மணவுறவு கொள்ளத் தயங்கினர். தம் தாயிடமே இக்குலப் பெருமை மிகுந்திருந்ததைக் கனெட்டி மறைக்காமல் எழுதியிருக்கிறார். மொழியைக் காக்கும் பெருமிதம், அயலாரை இகழும் செருக்காக மாற அதிக நாள் ஆவதில்லை. வெளியூரில் கூடி வாழும் எந்தச் சமூகமும் நினைவிற்கொள்ள வேண்டிய பாடம் இது.

நானூறு ஆண்டுகள் வாழ்ந்த அந்த ஸ்பானியம் பின்னர் என்னவாயிற்று? வாளால் அது வெட்டப்படவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாரிஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட யூத சங்கமொன்று பால்கன் நகரங்களில் பள்ளிகள் நிறுவிப் பிரெஞ்சு மொழியை நாகரிகத்தின் மொழியாகப் பரப்பியது. புதிய பல்கேரிய அரசின் பள்ளிகளில் பல்கேரிய மொழி வந்தது. படித்த பிள்ளைகளுக்குப் பாட்டியின் மொழி பழங்கால மொழியாகத் தோன்றத் தொடங்கியது. பின்னர் இரண்டாம் உலகப் போர் வந்தது. 1943-இல் பல்கேரியாவின் யூதர்களை ஜெர்மானியரிடம் ஒப்படைக்கும் முயற்சியைப் பல்கேரியச் சமயத் தலைவர்களும் நாடாளுமன்ற உறுப்பினர் பலரும் பொதுமக்களும் எதிர்த்தனர். அதனால் சுமார் 48,000 பேர் உயிர் தப்பினர். அதே வேளையில், பல்கேரியாவின் பிடியிலிருந்த மாசிடோனியா, திரேஸ் பகுதிகளிலிருந்து 11,000-க்கு மேற்பட்டோர் அனுப்பப்பட்டுக் கொலைக்களத்தில் மாண்டனர் என்பதையும் வரலாறு மறவாது. தப்பியவர்களுள் மிகப் பெரும்பாலோர் 1948-ஐ அடுத்த ஆண்டுகளில் இஸ்ரேலில் குடியேறினர். அங்கே புத்துயிர் பெற்ற ஹீப்ரு மொழி அவர்களை வரவேற்றது. ஸ்பெயின் நாட்டு ஆணையும், கடற்பயணமும், ஐந்து நூற்றாண்டுப் போர்களும் பறிக்க முடியாத மொழியை, பேசுவதற்கு ஆளில்லாத வீடு மூன்று தலைமுறைகளில் பறித்துவிட்டது.

ஒரு மொழியை ஆணையால் அழிக்க முயன்ற கதையும் இந்நாட்டில் உண்டு. 1984-85 குளிர்காலத்தில், அன்றைய பல்கேரியக் கம்யூனிஸ்டு அரசு, நாட்டிலுள்ள துருக்கியச் சிறுபான்மையினர் அனைவரும் தம் பெயர்களை விட்டுப் பல்கேரியப் பெயர்களை ஏற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. பொது இடங்களில் துருக்கி மொழி பேசுவதும் தடை செய்யப்பட்டது. 1989 கோடையில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் துருக்கிக்கு வெளியேறினர். அவ்வாண்டின் இறுதியில் ஆட்சி மாறியது, தடையும் நீங்கியது, தத்தம் பெயர்களைத் திரும்பப் பெறும் உரிமையும் கிடைத்தது. பல்லாயிரவர் நாடு திரும்பினர். ரூஸே வட்டாரத்தில் இன்றும் துருக்கி மொழி பேசுவோர் வாழ்கின்றனர். தடை விதித்த மொழி வாழ்ந்தது. தடை ஏதுமின்றிக் கைவிடப்பட்ட மொழி தேய்ந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது நெஞ்சம் திடுக்கிடுகிறது.

பாலமற்ற ஆற்றுக்கு இறுதியில் பாலம் வந்த கதையையும் சொல்ல வேண்டும். 1954 ஜூன் 20-ஆம் நாள், ரூஸேயையும் ஜுர்ஜுவையும் இணைக்கும் பாலம் திறந்து வைக்கப்பட்டது. மேல் தளத்தில் சாலையும் கீழ்த் தளத்தில் ரயில் பாதையும் கொண்ட, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள அப்பாலத்துக்கு 'நட்புறவுப் பாலம்' என்று பெயரிட்டனர். 2013-இல் மேற்கே விதின் நகரருகில் இரண்டாவது பாலம் திறக்கப்படும் வரை, அந்த 470 கிலோமீட்டர் ஆற்றெல்லையில் அது ஒன்றே பாலம்.

ஆனால், பெயர் சூட்டுவதால் மட்டும் நட்பு வளர்ந்துவிடாது. 1980-களில் ஜுர்ஜுவில் இருந்த இரசாயன ஆலையிலிருந்து குளோரின் வாயு காற்றோடு கலந்து ஆற்றைத் தாண்டி ரூஸேயின் மீது படர்ந்தது. மக்கள் மூச்சுத் திணறினர், குழந்தைகள் நோயுற்றனர். இரு நாடுகளும் ஒரே கூட்டணியைச் சேர்ந்தவை. ஆகவே, இதனை வெளிப்படையாகப் பேசுவதே நட்புக்கு ஊறு என்று அரசினர் கருதினர். 1987 செப்டம்பரில் ரூஸேயின் தாய்மார்கள் குழந்தைகளைத் தள்ளுவண்டிகளில் வைத்துக்கொண்டு வீதிக்கு வந்தனர். அடுத்த ஆண்டு, அந்நகரின் காற்றைக் காப்பதற்கென்றே அரசின் அனுமதியின்றி ஒரு குழு சோபியாவில் அமைந்தது. 1989-இல் பல்கேரியாவில் நிகழ்ந்த ஆட்சி மாற்றத்துக்கு முன்னோடியான மக்கள் இயக்கங்களுள் இதுவும் ஒன்று என்பது வரலாற்றாசிரியர் கருத்து. 'தோன்கா பாட்டி'யின் ஊர்ப் பெண்கள் அல்லவா!

2007-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று பல்கேரியாவும் ருமேனியாவும் ஒன்றாக ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. 2025-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து இரு நாடுகளுக்கும் இடையேயுள்ள தரைவழி எல்லையில் கடவுச்சீட்டுச் சோதனையும் நீங்கிவிட்டது. ரோமரின் காவற்படகுகள் நின்ற துறையில், ஒருவர் காலையில் ஆற்றைக் கடந்து அக்கரையில் அலுவல் பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்பலாம். கனெட்டியின் குடும்பத்தார் வணிகம் நடத்திய கட்டடம் இன்றும் ரூஸேயில் நிற்கிறது. அவர் பெயரால் அமைந்த சங்கமொன்று அங்கே இலக்கியக் கூட்டங்களை நடத்தி வருகிறது. நகரம் அவரைத் தன் மகனாகவே போற்றுகிறது. ஆனால், அவருடைய பாட்டி பாடிய மொழியில் ஒரு பாட்டைப் பாட, இன்று அந்நகரில் ஆட்களைத் தேடித்தான் காணவேண்டும்.

தொடக்கத்தில் கூறிய கேள்விக்கு வருகிறேன். நம் நிலை அந்த ஸ்பானிய யூதரின் நிலை அன்று. நம்மை எவரும் துரத்தவில்லை. பிழைப்பை நாடி நாமே வந்தோம். நம் மொழிக்கு ஒரு மாநிலம் இருக்கிறது, அரசு இருக்கிறது, அச்சகங்களும் பள்ளிகளும் இருக்கின்றன. ரயிலேறினால் இரண்டொரு நாளில் தமிழ் பேசும் ஊரில் இறங்கிவிடலாம். இவ்வளவு துணை அவர்களுக்கு இல்லை. ஆயினும், நானூறு ஆண்டுகள் அவர்கள் காத்தார்கள். நாம் நாற்பது ஆண்டுகளில் கை நழுவ விடுகிறோமோ என்ற ஐயம் எனக்கு உண்டு. அந்த ஐயம் என் வீட்டிலேயே பிறந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பகலெல்லாம் அலுவலகத்தில் சொல்லுக்குச் சொல் தேடி மொழிபெயர்த்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் நான், மகள் இந்தியில் ஒன்றைக் கேட்டால், களைப்பினால் இந்தியிலேயே விடை சொல்லிவிடுகிற நாள்கள் பல.

ரூஸேயின் வரலாற்றைப் படித்த பின் ஒரு சிறு வழக்கத்தை எங்கள் வீட்டில் தொடங்கியிருக்கிறோம். இரவு உணவுக்குப் பின் ஒரு கதை. அது தமிழிலேயே சொல்லப்பட வேண்டும். பேய்க் கதையானாலும் குற்றமில்லை. என் தாயார் சொன்ன கதைகளில் பாதி எனக்கு நினைவிருக்கின்றன. மறந்த பாதியை ஊருக்குக் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறேன். இந்தியும் வங்காளியும் மராத்தியும் நம் குழந்தைகள் நன்றாகக் கற்கட்டும். அவை நமக்கு வாழ்வளிக்கும் மண்ணின் மொழிகள். அவற்றோடு, தமக்குக் கதை சொன்னவர்களிடம் அவர்கள் மொழியிலேயே மறுமொழி சொல்லவும் அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். அடுத்த முறை ஊரிலிருந்து வரும் பெரியவர் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது, விடையை நாம் சொல்ல வேண்டியதில்லை, குழந்தையே சொல்லலாம்.